கூரை நிற்கிறது; குடி எங்கே?

பழைய கட்டடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் உழைக்கும் தோழர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஒண்டக் குடிசை இல்லாதவன் ஊரெங்கும் இருக்க, ஓடு பிரிந்த மாளிகைக்கு ஒப்பனை செய்வதுதானா வேலை?" என்பது அந்தக் கேள்வி. கேள்வியிலே நியாயம் இருக்கிறது. ஆனால் அது பாதிக் கேள்வி. மீதிப் பாதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறோம் நாம்.

அந்த மாளிகையைக் கட்டிய கை யாருடையது? அதிலே குடியிருந்து, ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றி, அதை இத்தனை காலம் விழாமல் வைத்திருந்தவன் யார்? இன்று அதைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வண்ணம் அடிக்கும்போது, மூட்டை முடிச்சோடு தெருவுக்கு வருகிறவன் யார்? இவற்றையும் கேட்டால்தான், பழைய கட்டடம் பணக்காரரின் பொழுதுபோக்குப் பொருள் அல்ல, பாட்டாளியின் வழக்கு என்பது விளங்கும்.

இதை விளக்க மலேசியாவை எடுத்துக்கொள்வோம். பினாங்கு என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்திலே கப்பலேறி அங்கே இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் இன்று நாம் பேச வந்தது நம்மவர் கதை அல்ல. அந்த மண்ணிலே மலாய்க்காரரும் சீனரும் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வாழ்ந்த வீடுகளின் கதை. அங்கே பாதுகாப்புச் சட்டம் வந்தது, பணம் வந்தது, உலகம் வழங்கும் பட்டமும் வந்தது. மூன்றும் வந்த பிறகும் தீராமல் நிற்கிற கேள்வி ஒன்று உண்டு. அதுதான் நம் தலைப்பு.

தோளிலே நகர்ந்த வீடு

மலாய்க்காரரின் மரவீட்டை முதலில் பார்ப்போம். தரையிலே உட்காராத வீடு அது. கால்களின் மேல் நிற்கும். வெள்ளம் வந்தால் கீழே ஓடிவிடும், ஈரம் ஏறாது, தரைக்கு அடியிலே காற்று உலாவும். செங்குத்தான கூரை, கொட்டும் மழையை நிற்கவிடாமல் தள்ளும். ஆளுயரச் சன்னல்கள், தரையிலே உட்கார்ந்திருப்பவன் உடலிலும் காற்றுப் படும்படி அமைந்தவை. ஓலைக் கூரை வெயிலின் சூட்டை வீட்டுக்குள் இறக்காது. மின்விசிறி இல்லாத காலத்திலே, படிக்காதவன் என்று பட்டணத்தான் எண்ணிய தச்சன் கண்ட விஞ்ஞானம் அது.

கட்டும் முறையும் கவனிக்கத்தக்கது. துளையும் கழுந்தும் ஆப்புமாகப் பொருத்திய மரச் சட்டம். வேண்டும்போது பிரிக்கலாம், வேறிடத்திலே பூட்டலாம். முதலிலே 'ரூமா இபு' எனப்படும் தாய்வீடு மட்டும் எழும். கையிலே காசு சேர்ந்தபோது திண்ணை நீளும், அடுக்களை சேரும், மகனுக்குக் கலியாணம் என்றால் ஓர் அறை கூடும். கடன்பட்டு ஒரே நாளில் மாளிகை எழுப்பும் வேலை இல்லை. குடும்பத்தோடு சேர்ந்து வளரும் வீடு. இந்த அமைப்பை எல்லாம் ஆராய்ந்து லிம் ஜீ யுவான் எழுதிய 'மலாய் வீடு' என்ற ஆங்கில நூல் 1987இல் பினாங்கிலேயே வெளிவந்தது.

வீட்டை இடம் மாற்ற வேண்டுமானால்? ஊர் கூடும். அடியிலே மூங்கிலும் கட்டையும் கட்டி, பத்துப் பேர், இருபது பேர் அல்ல, ஊரிலுள்ள ஆண்கள் அத்தனை பேரும் தோள் கொடுத்து முழு வீட்டையே தூக்கிச் சென்று புது இடத்தில் வைப்பார்கள். கூலி இல்லை, கூடிச் செய்வதே முறை. தாங்கத் தோள் இருந்ததால் வீடு நகர்ந்தது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பின்னால் இதற்குத் தேவை வரும்.

இந்தத் தச்சர்களின் திறமைக்குச் சான்று வேண்டுமா? பேராக் மாநிலத்திலே குவாலா காங்சார் என்ற ஊரில் 'இஸ்தானா கெனாங்கான்' என்ற அரண்மனை இருக்கிறது. 1926இல் கட்டியது. மஞ்சள், கறுப்பு, வெள்ளை வண்ணத்தில் மூங்கில் முடைந்த சுவர்கள். வரைபடமும் இல்லாமல், ஓர் ஆணியும் அடிக்காமல் எழுந்தது என்பது அதன் புகழ். கட்டியவர் புக்கிட் மெர்தாஜத்தைச் சேர்ந்த செப்பியான் என்ற தச்சர். துணை நின்றவர்கள் அவருடைய இரண்டு பிள்ளைகள். அரண்மனை ஒன்றோடு சேர்த்துத் தச்சன் பெயரும் நிலைத்திருப்பது அபூர்வம். இங்கே நிலைத்திருக்கிறது. வாழ்க அந்த உளி!

கிளந்தானிலே கம்போங் லாவுட் என்ற ஆற்றங்கரை ஊரின் மரப் பள்ளிவாசல், மலேசியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று. 1966ஆம் ஆண்டின் இறுதியிலும் 1967இன் தொடக்கத்திலும் பாய்ந்த பெருவெள்ளம் அதைச் சிதைத்தது. கல்லால் கட்டியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். மரமானதால் கழற்றினார்கள், நீலாம் பூரி என்ற உள்நாட்டு ஊரில் மறுபடி பூட்டினார்கள். அண்மை ஆண்டுகளில் மீண்டும் கழற்றிப் பிறந்த ஊருக்கே கொண்டுவந்தார்கள். கெடாவில் அழிந்துகொண்டிருந்த ஊர்த்தலைவர் அபு செமானின் மரவீட்டை, 1983இல் தோன்றிய மலேசிய மரபுடைமை அறக்கட்டளை வாங்கி, பலகை பலகையாகக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

நல்ல காரியங்கள்தான். மறுக்கவில்லை. ஆனால் ஊர்த்தலைவர் வீட்டுக்கும் சுல்தான் அரண்மனைக்கும் கிடைத்த கவனம், சாதாரண மீனவனின் வீட்டுக்கும் ரப்பர் மரம் சீவியவனின் வீட்டுக்கும் கிடைத்ததா? 'செங்கால்' என்று அங்கே சொல்லும் கெட்டி மரம் விலையேறிற்று. பொருத்து வேலை தெரிந்த தச்சன் மூப்படைந்தான். மகன் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போனான். ஓலை போய்த் தகரம் வந்தது; மரம் போய்ச் சிமென்ட் வந்தது. அதைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஓலை முடைய ஆள் கிடைக்காதவன் தகரம் போடாமல் வேறென்ன செய்வான்? வீடு அழிவதற்கு முன் தொழில் அழிந்தது என்பதுதான் உண்மை.

கிண்ணச் சில்லும் சுண்ணாம்பும்

இனிப் பினாங்குத் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு வருவோம். 1786இல் ஆங்கில வணிகக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் அடிகோலிய துறைமுகப் பட்டணம். அங்கே சீனர் கட்டியவை கடைவீடுகள். முன்புறம் குறுகல், உள்ளே நீளம் மிகுதி. கீழே கடை, மேலே குடித்தனம். நடுவிலே வெளிச்சமும் மழையும் இறங்கும் முற்றம். நம் ஊர்ப் பழைய வீட்டு முற்றத்தை அறிந்தவருக்கு விளக்கம் வேண்டாம். வீட்டு முகப்பிலே தெருவோடு தெருவாகத் தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைபாதை. 'காக்கி லீமா', அதாவது ஐந்தடி என்பது அதன் பெயர். 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் இப்படி ஒரு நடை விடவேண்டும் என்று விதித்தார்கள். மழைக்கு ஒதுங்குபவனும், நாற்காலி போட்டு முடி திருத்துபவனும், செருப்புத் தைப்பவனும் அந்த ஐந்தடியிலே பிழைத்தார்கள்.

கடைவீட்டுக்கு மேலே போனால் குலத்தாரின் சங்க மாளிகை, 'கொங்சி'. ஃபூஜியனிலிருந்து வந்த கூ குலத்தார் கட்டிய கொங்சி புகழ்பெற்றது. முன்பிருந்த கட்டடம் 1901இல் எரிந்துபோயிற்று. அரண்மனையை விஞ்சும் ஆடம்பரத்தைக் கண்டு தேவர்களுக்கே பொறாமை வந்ததென்று ஊர் கதை கட்டிற்று. இப்போதிருப்பது 1906இல் நிறைவேறியது. அதன் கூரையைப் பாருங்கள்: பறவை, பூ, வீரன், நாகம் எல்லாம் வண்ணக் கிண்ணங்களைக் குறடால் நறுக்கிய சில்லுகளை ஒட்டிச் செய்தவை. சீனத்திலிருந்து கடல் கடந்து வந்த கைவினைஞர்களின் வேலை. கூரை முகட்டிலே குந்தி, வெயிலில் வெந்து, ஒவ்வொரு சில்லாகப் பதித்தவர்கள் அவர்கள். கட்டியது கூ குலம் என்று கல்வெட்டுக் கூறும். பதித்த விரல்களின் பெயரை எந்தக் கல்வெட்டுக் கூறுகிறது?

கடைவீட்டுச் சுவருக்கு உயிர் சுண்ணாம்புச் சாந்து. கொத்தனார் தோழர்களுக்கு இது நன்கு விளங்கும். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். பழைய சுவரின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். உப்புப் பூத்துச் செங்கல் உதிரும். வெளியே பளபளப்பு, உள்ளே புற்று. ஆகவே பழைய சுவரைக் காக்கச் சுண்ணாம்பு தெரிந்த கை வேண்டும். அந்தக் கை அந்தப் பக்கத்துக் கடற்கரைகளில் எங்கிருந்தெல்லாம் வந்தது தெரியுமா? சிங்கப்பூரிலே 1856க்கும் 1861க்கும் இடையில் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்த புனித அந்திரேயா பேராலயத்தின் சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணம்'. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்ந்த கலவை அது.

மாளிகைகள் மட்டுமா? கடலின் மேல் குச்சிக் கால்கள் ஊன்றிச் சீனத் துறைமுகக் கூலிகளும் படகோட்டிகளும் கட்டிய குடியிருப்புகளும் இருக்கின்றன. சியூ துறை, லிம் துறை, தான் துறை என்று குலப்பெயரால் வழங்கும் மரப்பாலங்கள். கரையிலே இடம் வாங்கக் காசில்லாதவன் கடலிலே பலகை விரித்தான். மலாய்க்காரனின் கால் வைத்த வீடும் சீனனின் குல ஒற்றுமையும் அங்கே ஒன்று சேர்ந்தன. இவற்றில் கொவாய் துறை 2006இல் இடிந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இடம் வேண்டும் என்றார்கள். இரண்டே ஆண்டு கழித்து, எஞ்சிய துறைகள் உலகச் செல்வமாயின!

மனிதன் போனான், பறவை வந்தது

இந்த ஊர் இடியாமல் இத்தனை காலம் எப்படி நின்றது? அதன் பின்னே ஒரு சட்டம் இருந்தது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உயர்த்தவிடாமல் கட்டுப்படுத்தியது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதனால் தகரப் பெட்டி செய்பவன், பிரம்பு பின்னுபவன், ஊதுவத்தி உருட்டுபவன், பெயர்ப்பலகை செதுக்குபவன் ஆகியோர் நகரின் நடுவிலே பல பத்தாண்டுகள் குடியிருக்க முடிந்தது. வாடகை கிடைக்காத இடத்தை இடித்துக் கட்டவும் முதலாளிக்கு அவசரம் இல்லை.

சட்டத்தில் குறையே இல்லையா? இருந்தது. மறைக்கமாட்டோம். வாடகையோ சொற்பம், வீட்டுக்காரன் ஓடு மாற்ற மறுத்தான், குடியிருந்தவனுக்கோ மாற்ற வசதியில்லை. உத்திரம் செல்லரித்தது, சுவரிலே ஆலஞ்செடி முளைத்தது. வீட்டுக்காரர்களில் எல்லோரும் கோடீசுவரர்கள் அல்லர். விதவைகளும் சிறு வணிகரும் இருந்தார்கள். அவர்கள் குறையும் குறைதான். ஆனால் கால் வலித்தால் மருந்து போடுவார்களா, காலை வெட்டுவார்களா? 1997இல் சட்டத்தை நீக்கும் சட்டம் வந்தது. இடைக்காலத் தவணை 1999 டிசம்பர் 31உடன் முடிந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது புத்தாண்டுப் பரிசாகக் குடித்தனக்காரர்களுக்குக் கிடைத்தது வாடகை உயர்வும் வெளியேற்ற அறிவிப்பும். பட்டறைகள் மூடின. தெருக்கள் வெறிச்சோடின.

வெறிச்சோடிய வீட்டுக்குள் யார் வந்தார்கள்? பறவை வந்தது! எச்சிலால் கூடு கட்டும் ஒருவகை உழவாரன். அந்தக் கூட்டைச் சீனர் சூப்பு வைத்து உண்பார்கள். அதனால் பெரும் விலை. வீட்டுச் சன்னலை அடைத்து, உள்ளே ஈரம் தெளித்து, ஒலிபெருக்கியிலே பறவைக் குரலை ஒலிக்கவிட்டு, பறவையை அழைத்தார்கள். வாடகை கொடுத்த மனிதனுக்கு இடமில்லை. வாடகை கேட்காமலே பறவைக்கு வரவேற்பு! ஈரத்தால் சுவர் கெட்டது, எச்சத்தால் மரம் கெட்டது. இறுதியிலே மாநிலச் சர்க்கார் தலையிட்டு, பழைய நகர எல்லைக்குள் இந்தத் தொழில் 2013 இறுதிக்குள் ஒழிய வேண்டும் என்று உத்தரவிட்டது.

இடையிலே 2008 ஜூலை 7ஆம் நாள், மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வப் பட்டியலில் ஏறின. ஜார்ஜ் டவுனின் மையப் பகுதி மட்டும் 109 ஹெக்டேருக்கு மேல். பல பண்பாட்டு மக்கள் கூடி வாழும் ஊர் என்பதுதான் பட்டத்துக்குச் சொன்ன முக்கிய காரணங்களில் ஒன்று. வாழும் மக்களைக் காட்டிப் பட்டம் வாங்கினார்கள். பட்டம் வந்ததும் வீட்டு விலை ஏறிற்று. விலை ஏறியதும் மக்கள் இறங்கினார்கள். மரபுப் பகுதியிலே 2009இல் சுமார் 10,000 பேர் வாழ்ந்தார்கள்; 2013இல் அது சுமார் 9,400. தெருத் தெருவாக வீடுகள் கைமாறின. முடி திருத்தும் கடை இருந்த இடத்திலே காப்பிக் கடை. பட்டறை இருந்த இடத்திலே பயணிகள் விடுதி. சுவரிலே மட்டும் பழைய தொழிலாளியின் சித்திரம்!

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 2005இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, 2006 டிசம்பரில், கோலாலம்பூரில் போக் மாளிகை தரைமட்டமாயிற்று. சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து உயர்ந்த சுவா செங் போக் 1920-களில் கட்டிய மாளிகை அது. ஏட்டிலே சட்டம், ஏரியாவிலே இடிகருவி. மக்கள் துணை நில்லாத சட்டம் எங்கும் இப்படித்தான்.

இரண்டு நீல வீடுகள்

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. இரண்டு வீடுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் சீனர் வாழ்ந்தவை. இரண்டும் நீல நிறம். இரண்டும் யுனெஸ்கோவின் ஆசிய மரபுப் பாதுகாப்புப் பரிசு பெற்றவை.

முதலாவது, ஜார்ஜ் டவுனில் லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் ட்ஸே மாளிகை. ஏழையாகக் கப்பலேறி வந்து பெரும் செல்வரானவர் அவர், 1916இல் காலமானார். 38 அறைகள், 5 முற்றங்கள், 220 சன்னல்கள். சுவருக்கு அடித்த நீலம் இந்தியாவிலிருந்து சென்ற அவுரிச் சாயம். பாழடைந்து கிடந்ததை 1989இல் சில பாதுகாப்பு ஆர்வலர்கள் வாங்கி, பழைய முறையிலேயே பழுது நீக்கினார்கள். 2000இல் பரிசு கிடைத்தது. வேலை நேர்த்தியானது, ஐயமில்லை. அந்த வீடு இன்று விடுதி. காசு கொடுப்பவர் தங்கலாம்.

இரண்டாவது, ஹாங்காங்கிலே வான் சாய் பகுதியிலுள்ள நீல வீடு. 1920-களில் எழுந்த நான்கு மாடிக் குடியிருப்பு. அதன் நீலத்துக்கு அவுரிக் கதை இல்லை. சர்க்கார் கிடங்கிலே அன்று நீல வண்ணம்தான் மீதி இருந்தது என்பார்கள். ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன; ஒழுங்கான கழிப்பறைகூட இல்லை. 2006இல் சர்க்கார் ஒரு திட்டம் போட்டது: குடியிருப்போரை வேறிடம் அனுப்பு, கட்டடத்தைப் பயணிகளுக்கான காட்சிக்கூடமாக மாற்று என்று. குடியிருந்தோரும் அண்டை அயலாரும் சமூக ஊழியர்களும் ஒன்று சேர்ந்தார்கள். "வீடும் இருக்கட்டும், வாழ்வோரும் இருக்கட்டும்" என்பதே அவர்கள் கோரிக்கையாயிற்று. விட்டுக்கொடுக்கவில்லை. இறுதியிலே சர்க்கார் இறங்கிவந்தது. விரும்பியவர் தங்கினார்கள், படிக்கட்டும் சன்னலும் பழையபடி நிற்க, கழிப்பறை புதிதாக வந்தது. 2017இல் அந்த வீட்டுக்கு யுனெஸ்கோவின் அந்தப் பரிசிலேயே உயர்ந்த நிலை கிடைத்தது.

முதல் வீட்டிலே கட்டடம் பிழைத்தது. இரண்டாம் வீட்டிலே கட்டடமும் பிழைத்தது, குடியும் பிழைத்தது. கழிப்பறை வைத்தால் பழமை கெட்டுவிடும் என்று சொல்லுகிறவர்களுக்கும், பழமையைக் காத்தால் ஏழைக்கு வசதி கிடைக்காது என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரே விடை அந்த நீல வீடு.

நாம் சொல்வது

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஒரு பழைய வீட்டைத் தாங்குபவை இரண்டு: அதிலே வாழும் குடும்பம், அதைப் பழுது பார்க்கும் கை. இந்த இரண்டையும் விட்டுவிட்டுச் சுவரை மட்டும் காப்பது, கிளியைப் பறக்கவிட்டுக் கூண்டுக்குப் பொன் பூசுவது.

சர்க்கார் பணத்தைப் பழுதுபார்ப்புக்குக் கொடுக்கட்டும். ஆனால் "இருக்கிற குடித்தனக்காரனை இத்தனை ஆண்டு வெளியேற்றுவதில்லை" என்று வீட்டுக்காரன் எழுதிக் கொடுத்த பின் கொடுக்கட்டும். வீட்டுக்காரனுக்கும் நட்டமில்லை, குடியிருப்பவனுக்கும் பயமில்லை. கிண்ணச் சில்லு பதிப்பவனுக்கும், சுண்ணாம்பு அரைப்பவனுக்கும், துளையும் கழுந்தும் அறிந்த மலாய்த் தச்சனுக்கும் நல்ல கூலி கிடைக்கட்டும். அவர்களிடம் பிள்ளைகள் தொழில் கற்கட்டும். 1986இல் தொடங்கிய பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை, முதிய கைவினைஞரிடம் இளைஞரைப் பயிற்சிக்கு விடும் முயற்சியைச் செய்து காட்டியிருக்கிறது. அதைப் பத்து மடங்கு, நூறு மடங்கு பெருக்குவது சர்க்காரின் கடமை. அரண்மனைக்கும் கொங்சிக்கும் தருகிற மதிப்பை, கடலிலே கால் ஊன்றிய கூலியின் வீட்டுக்கும் வயல் ஓரத்து மரவீட்டுக்கும் தர வேண்டும். திட்டம் தீட்டும் மேசையிலே வீட்டிலே வாழ்பவனுக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

ஓடு பிரிந்த மாளிகைக்கு ஒப்பனையா என்று கேட்ட தோழனுக்கு இதுவே நமது பதில். ஒப்பனை வேண்டாம், உரிமை வேண்டும். மலாய்க் கிராமத்து மக்கள் வீட்டைத் தூக்கிச் சென்றபோது, வீடு தானாக நடக்கவில்லை. ஊரின் தோள்கள் அதைத் தாங்கின. அந்தத் தோள்களைத் தள்ளிவிட்டு வீட்டை மட்டும் நிறுத்தப் பார்ப்பவர்கள் எந்த நாட்டிலிருந்தாலும், எந்த மொழி பேசினாலும், அவர்களிடம் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: கூரை நிற்கிறது, சரி, குடி எங்கே?